பூட்சுக்கு லேஸ் கோர்த்தவர்கள்

ரங்கூன் கப்பல் போய் வந்துகொண்டிருந்த காலத்தில், சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே உப்புக்கிடங்கு என்கிற பேட்டையில், பந்தாடுகிற எந்த ஆம்பளையும் தன் பூட்சுக்குத் தானே லேஸ் கோர்த்துக்கொண்டதில்லை. ஒரு கோப்பைக்கான ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்னால் வீட்டுப் பெண் ஒருத்தி, அம்மாவோ அக்காவோ பெண்டாட்டியோ, புது லேசை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, கீழ்த்துளையிலிருந்து மேல்துளைவரைக்கும் கோர்த்து, கீழே ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுப்பாள். மேல்முடிச்சை ஆட்டக்காரன் நாளுக்கு நாலு தடவை அவிழ்ப்பான், கட்டுவான். கீழ்முடிச்சைக் கோப்பை முடிகிறவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஏன் என்று கேட்டவனும் யாருமில்லை.

அந்த வருஷம் உப்புக்கிடங்கு வாலிபர் கழகம் விரிகுடாக் கோப்பையில் இறுதி ஆட்டம்வரை போய்விட்டது. சிட்டகாங், பினாங்கு, கொழும்பு என்று கடலைச் சுற்றியிருந்த துறைமுகத்துக் கழகங்களெல்லாம் தோற்று வீட்டுக்குப் போய், மிச்சமிருந்தது ரங்கூன் படகுத்துறைக் கழகமும் இவர்களும்தான். இறுதி ஆட்டம் இரண்டு தவணை: முதலாவது ரங்கூனில், இரண்டாவது சென்னையில். கழகத்துச் செயலாளர் தனகோட்டி, வெள்ளை வேட்டியும் வாயில் வெற்றிலையுமாகக் கப்பல் ஏறும்போதே பதினோரு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, "பந்து போனா போவட்டும், ஆளு போவக்கூடாது" என்று சொல்லித்தான் கூட்டிப்போனார். சொல்லும்போது அவர் கண் எத்திராஜ் மேலேதான் இருந்தது. எத்திராஜ் பின்வரிசை ஆட்டக்காரன், பகலில் மூட்டை தூக்குகிறவன், பேச்சில் பரம சாது. ஆனால் எதிராளி ஒருத்தன் பந்தோடு தன்னைத் தாண்டப் பார்த்தால் அவனுடைய வலது கால் அவனைக் கேட்காமலே கிளம்பிவிடும், கிளம்பினால் எதிராளியைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

ரங்கூனில் நடந்ததை ஆட்டம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஏழாவது நிமிஷம் ஒருவனுக்குக் காறை எலும்பு உடைந்தது, அதற்குப் பதிலாக இவர்களில் ஒருவனுக்கு இரண்டு பல் போனது, மூக்கு, முழங்கால், தொடை, விலா என்று ஓர் உறுப்பு மிச்சமில்லாமல் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி உதைத்துக்கொண்டார்கள், கார்னர் கொடியைப் பிடுங்கி அடித்துக்கொண்டார்கள், ரெஃப்ரி விசில் ஊதி ஊதிக் கடைசியில் ஊதுவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். அறுபதாவது நிமிஷத்தில் வீரய்யா என்கிற ரங்கூன் தமிழன், அவர்கள் கழகத்திலேயே வேகக்காரன், எத்திராஜைத் தாண்டிப் போனான். எத்திராஜின் கால் கிளம்பியது. இடுப்புக்குக் கீழே இடதுபக்கம் விழுந்த உதையில் வீரய்யா இரண்டு சுற்றுச் சுற்றி விழுந்தான். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.

அங்கே நாலு மணிக்குத் தொடங்கிய ஆட்டம் இங்கே கடிகாரத்துக்கு மூணு மணி. மூணு ஏழுக்கு உப்புக்கிடங்கில் ஹாஃப் பேக் சேகரனின் அக்கா துவைத்துக்கொண்டிருந்த கல்லிலேயே காறை எலும்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். அப்புறம் ஒவ்வொரு வீடாக வந்தது. மாவரைத்துக்கொண்டிருந்தவளுக்கு முழங்காலில், புள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தவளுக்கு விலாவில், தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவிக்கு மூக்கில். எத்திராஜின் பெண்டாட்டி கன்னியம்மா ஆறு மாசக் கர்ப்பிணி, ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள். சரியாக நாலு பத்துக்கு அவளை யாரோ இடுப்புக்குக் கீழே இடதுபக்கம் உதைத்தார்கள். திரும்பிப் பார்த்தால் பின்னால் நின்றவள் மூன்றடி தள்ளி நிற்கிறாள். கன்னியம்மா மண்ணெண்ணெய் டின்னை நழுவவிட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தந்தி வருவதற்கு முன்னாலேயே பேட்டைக்கு ஆட்டம் தெரிந்துவிட்டது. முனிசிபல் ஆஸ்பத்திரி குளோரி நர்ஸ் வீடு வீடாகப் போய் ஊதா மருந்து தடவினாள், காயங்களில் பூட்சின் அடிக்குமிழ் பதிந்திருப்பதைப் பார்த்தாள், எண்ணினாள், ஒவ்வொன்றிலும் ஆறு. ஆட்டக்காரன் உதைத்த உதை அவனுக்கு லேஸ் கோர்த்தவளுக்கும் விழுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம்கூட ஆகவில்லை. யாரும் வாயைப் பிளக்கவில்லை, குழாயில் தண்ணீர் வராததை விசாரிக்கிற மாதிரித்தான் விசாரித்தார்கள்: உனக்கு எத்தனை, எனக்கு மூணு, உன் தம்பி ஓடிவந்து உதைச்சிருக்கான்போல, ஆழமா இருக்கு. இதில் ஒரு வில்லங்கமும் வெளியே வந்தது. லெஃப்ட் அவுட் ஆல்பர்ட்டின் பெண்டாட்டி ரெஜினாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை, மூன்று தெரு தள்ளி இட்லிக்கடை போடுகிற பட்டம்மா நொண்டி நொண்டி நடந்தாள். ரெஜினா ஆல்பர்ட் வரும் கப்பலுக்காகத் துடைப்பத்தோடு காத்திருந்தாள். கோல் கீப்பர் காதரின் அம்மாவுக்கு மட்டும் ஒன்றுமே ஆகவில்லை, அவன் பந்தைத் தவிர வேறெதையும் உதைத்ததில்லை என்று அந்த அம்மாள் ஒரு வாரம் தலைநிமிர்ந்து நடந்தாள்.

கப்பல் வந்தபோது எத்திராஜ் பெண்டாட்டிக்கு ஒரு ரங்கூன் குடை வாங்கி வந்திருந்தான், பூப்போட்டது. கன்னியம்மா படுத்திருந்தாள். அவன் குடையை விரித்துக் காட்டினான். அவள் குடையைப் பார்க்காமல் புடவையை விலக்கி இடுப்பைக் காட்டினாள். ஆறு குமிழும் கறுத்துப் பச்சை கட்டியிருந்தது.

"யார்மே அது?" என்றான்.

"நீதான் மாமா," என்றாள் கன்னியம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவன் நம்பாமல் பைக்குள்ளிருந்த வலதுகால் பூட்சை எடுத்து, படாமல், அந்தத் தழும்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். முன்பக்கம் ஓரத்துக் குமிழ் பாதி தேய்ந்து போனது, தழும்பிலும் அந்த இடம் பாதிதான் இருந்தது. பூட்சைப் பைக்குள் போட்டு, பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, அதைவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டான்.

"அன்னிலேர்ந்து கொயந்த அசையல மாமா," என்றாள் அவள். "அதுக்கு முன்ன தெனம் உதைக்கும். ராத்திரி பகல் தெரியாது அதுக்கு. இப்ப கம்முனு கீது."

குளோரி நர்ஸ் வயிற்றில் மரப்புனலை வைத்துக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, நெஞ்சு துடிக்கிறது, ஆனால் ஏன் அசையவில்லை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இன்னொரு அடி விழக்கூடாது, விழுந்தால் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டாவது ஆட்டத்துக்கு அன்றைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

பேட்டை இதற்கெல்லாம் வழி தேடாமல் இல்லை. கீழ்முடிச்சை அவிழ்த்துவிட்டு வேறு லேஸ் கோர்த்தால் என்ன என்று சேகரன் கேட்டான். அவிழ்த்தார்கள், அவனே தன் கையால் புது லேஸ் கோர்த்துக்கொண்டான், சரி இப்போது யாரையாவது உதைத்துப் பார்க்கவேண்டுமே என்றபோது ரிக்‌ஷா சின்னய்யா ஒரு டீயும் பன்னும் வாங்கித் தருவதாக இருந்தால் தன் முழங்காலைத் தருவதாகச் சொன்னார். தெருவே கூடி நின்று பார்க்க, சேகரன் தயங்கித் தயங்கி லேசாக ஒன்று வைத்தான். இரண்டு வீடு தள்ளி அவன் அக்கா, "எவன்டா அது," என்று கத்தினாள். முதலில் எவள் கோர்த்தாளோ அவள் கோர்த்ததுதான், கோப்பை முடிகிறவரைக்கும் மாற்றமில்லை என்று ஆகிவிட்டது. தெரியாமல் இடித்தால் சேருமா, ஓடும்போது கால் தடுக்கினால் சேருமா என்றெல்லாம் டீக்கடையில் பேசினார்கள். யாருக்குத் தெரியும்?

அப்புறம் அந்தப் பேட்டை எதற்கும் பழகுகிற மாதிரி இதற்கும் பழகியது. துறைமுகத்திலிருந்து கிழிந்த சாக்கும் கழிவுப் பஞ்சும் வந்தன, பெண்கள் உட்கார்ந்து முழங்காலுக்கும் இடுப்புக்கும் மெத்தை தைத்துக்கொண்டார்கள். ஆட்டம் நடக்கும்போது லேஸ் கோர்த்த பதினோரு பேரும் கழகத்து ஹாலில் பாய் போட்டு ஒன்றாக இருப்பது, ரேடியோ வைப்பது, குளோரி நர்ஸ் கட்டுத் துணியோடு கூட இருப்பது என்று தனகோட்டி ஏற்பாடு செய்தார். அவரே ஒவ்வொரு பெண்ணிடமும் போய் எத்தனை உதை தாங்குவாய் என்று விசாரித்தார். சேகரனின் அக்கா, "ரெண்டு தாங்குறேன், அதுவும் முட்டிக்கு கீழ. மூணாவது வுட்டான்னா வூட்டுக்கு வரவேணாம்னு சொல்லு," என்றாள். பட்டம்மா, "அந்தாளு எத்தினி வேணா உதைக்கட்டும், எனக்குப் பழக்கம்," என்றாள். கன்னியம்மாவிடம் வந்தபோது அவள் எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை, முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனகோட்டி வெற்றிலையை மென்றுகொண்டே திரும்பிப் போனார். அவர் பந்தாடுகிறவர் இல்லை, அவருக்கு லேஸ் கோர்த்தவள் யாருமில்லை.

எத்திராஜ் பின்னாலேயே ஓடினான்.

"அண்ணே, நான் ஆடல. வேற ஆள் போட்டுக்கோ."

"யாரைப் போட? டில்லியப் போடவா? அவனுக்கு லேஸ் கோத்தது யாருன்னு தெரியுமில்ல?"

தெரியும். மாற்று ஆட்டக்காரன் டில்லிக்கு அம்மா இல்லை, எட்டு வயசுத் தங்கச்சிதான் நாக்கைத் துருத்திக்கொண்டு உட்கார்ந்து கோர்த்துக் கொடுத்தாள். டில்லி கோபக்காரன்.

"நீயாவது பெரியாளு, நிதானமா ஆடுவ," என்றார் தனகோட்டி. "ஒரு நாள்டா. ஒரே ஒரு நாள். கோப்பை பேட்டைக்கே வருது, நெனைச்சுப் பாரு."

வலி பதினோரு வீட்டுக்கு, கோப்பை பேட்டைக்கு முழுக்க. இந்தக் கணக்கில் பேட்டைக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை. எத்திராஜுக்குத்தான் பயம். மூட்டையோடு கப்பல் பலகையில் ஏறும்போது முன்னால் போகிறவன் குதிகாலைப் பார்த்துப் பயந்தான். தெருவில் பையன்கள் பந்தை உருட்டிவிட்டு "அண்ணே, இங்க தள்ளு" என்று கேட்டால் குனிந்து கையால் எடுத்துக் கொடுத்தான். தன் வலது காலைத் தானே நம்பமுடியாமல், படுக்கும்போது அதைக் கட்டில் காலோடு துண்டால் கட்டிக்கொண்டு படுத்தான். அது எப்போது கிளம்பும் என்று அவனுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை, கிளம்பின பிறகுதான் தெரியும். தினம் வேலையிலிருந்து வந்ததும், "அசைஞ்சுதா?" என்று கேட்பான். கன்னியம்மா உதட்டைப் பிதுக்குவாள்.

ஆட்டத்தன்று புறப்படும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"பாத்து ஆடு மாமா."

மூங்கில் வேலி கட்டிய மைதானத்தில் முப்பதாயிரம் பேர் இருந்தார்கள், வேலிக்கு வெளியே மரங்களில் இன்னும் கொஞ்சம் பேர். ரங்கூன்காரர்கள் பட்டதை மறக்காமல் வந்திருந்தார்கள். வீரய்யா இடுப்பில் கட்டுப் போட்டிருந்தான். நாலு மணிக்கு விசில் ஊதியது, நாலு ஐந்துக்கு ஆல்பர்ட்டை வெளியே தூக்கி வைத்துத் தண்ணீர் தெளித்தார்கள். அவர்கள் உதைத்தார்கள், குத்தினார்கள், விழுந்தவன் கையை மிதித்துக்கொண்டு போனார்கள். உப்புக்கிடங்கு ஆட்கள் பதினோரு பேரும் கையைப் பின்னால் கட்டாத குறையாக, குச்சி ஒடிகிற ஓசைக்குக்கூட ஒதுங்குகிற ஆடுகளாக, ஆள் வந்தால் விலகி, அடி விழுந்தால் வாங்கி, எழுந்து, வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுத் திரும்பவும் ஓடினார்கள். சேகரன் மட்டும் அக்கா கொடுத்த இரண்டில் ஒன்றை முதல் பாதியிலும் ஒன்றை இரண்டாம் பாதியிலும் செலவழித்தான், இரண்டும் முட்டிக்குக் கீழேதான். அதற்கப்புறம் அவனும் வாங்கிக்கொள்ள மட்டும்தான் செய்தான். கோலில் காதர் ஒன்பது பந்தைப் பிடித்தான்.

கூட்டம் பொறுத்துப் பார்த்தது. அப்புறம், "உதைங்கடா," என்று ஒரு மூலையில் தொடங்கி மைதானம் முழுக்கச் சுற்றி வந்தது. பேட்டைக்கு வெளியே உள்ள ஊரார் கத்தினால் அவர்களுக்கு விஷயம் தெரியாது, விட்டுவிடலாம். சாக்கு மெத்தை தைக்க ஊசி கொடுத்தவர்கள், ஊதா மருந்து வாங்க ஓடினவர்கள், கன்னியம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தவளின் புருஷன், பன் தின்ற சின்னய்யா, எல்லோரும் வேலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, "எத்திராசு, உதைடா, உதைடா," என்று கத்தினார்கள். எத்திராஜுக்கு அந்தக் குரல்கள் ஒவ்வொன்றும் யாருடையது என்று தெரிந்தது. அதுவரைக்கும் அவன் தன் காலுக்கு மட்டும்தான் பயந்திருந்தான்.

எண்பத்தெட்டாவது நிமிஷம். அன்றைக்கு இன்னும் கோல் விழவில்லை. நடுக்கோட்டிலிருந்து வீரய்யா பந்தை எடுத்துக்கொண்டு வந்தான், கட்டுப்போட்ட இடுப்போடு, ஒருத்தனை, இரண்டு பேரைத் தாண்டி. மிச்சம் எத்திராஜ் மட்டும், அவனுக்குப் பின்னால் காதர். வீரய்யா இடதுபக்கம் சாய்ந்து வலதுபக்கம் போனான், போகும்போது அவனுடைய இடுப்பு எத்திராஜுக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில் திறந்து கிடந்தது, அதே இடம், இடுப்புக்குக் கீழே இடதுபக்கம். கால் கிளம்பியது. தரையைவிட்டு எழும்புவதை எத்திராஜ் பார்த்தான், ஆறு குமிழும் வெயிலில் தெரிந்தன. அவன் குனிந்து இரண்டு கையாலும் தன் வலது காலைத் தானே எட்டிப் பிடித்துக்கொண்டான்.

பிடித்தபடியே ஒற்றைக் காலில் மூன்று தத்துத் தத்தி, புல்லில் உட்கார்ந்தான். வீரய்யா அவனைத் தாண்டிப் போய்ப் பந்தைக் கோலுக்குள் தள்ளிவிட்டு, கொண்டாடாமல், திரும்பி அவனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஹாலில் வைத்திருந்த ரேடியோவில் வர்ணனைக்காரர், கோல், ரங்கூன் கோல், என்றார், அப்புறம் மூங்கில் வேலி சாய்கிறது என்றார், ஜனங்கள் மைதானத்துக்குள் வருகிறார்கள் என்றார், எத்திராஜைச் சுற்றி என்று தொடங்கினார். அதற்கப்புறம் இரைச்சல் மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் நின்றது. பதினோரு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

மைதானத்தில் அவன்மேல் விழுந்தது யார் யார் என்று எண்ண முடியவில்லை. முதுகில், தோளில், காதில், கழுத்தில் விழுந்தது. "வித்துட்டான், காசு வாங்கிட்டான்," என்று கத்தினார்கள். எத்திராஜ் சுருண்டு கிடந்தான். மனுஷன் அடிவாங்கும்போது முகத்தை மறைத்துக்கொள்வான், அவனுக்கு மறைக்கக் கையில்லை, இரண்டு கையும் காலைப் பிடித்திருந்தன. விட்டால் அது துள்ளும், துள்ளினால் யார்மேலாவது படும், பட்டால் எங்கே போய்ச் சேரும் என்று அவனுக்குத் தெரியும். முகத்துக்கு நேரே வந்த செருப்புகளில் இரண்டு மூன்று தினம் அவன் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறவை. அந்த உதைகள் எந்த வீட்டிலும் போய் விழவில்லை. செருப்புக்கு யாரும் லேஸ் கோர்ப்பதில்லை.

வீரய்யாதான் காதரோடு சேர்ந்து அவனைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து வெளியே கொண்டுவந்தான்.

"ஏன்யா காலப் பிடிச்சுக்கிட்டு உக்காந்த? பைத்தியமா உனக்கு?"

"வூட்ல பொண்டாட்டி கீது," என்றான் எத்திராஜ். வீரய்யாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் தன் துண்டை நனைத்து அவன் முகத்தில் வைத்தான்.

எத்திராஜ் கழகத்து ஹாலுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. ஒரு கண் மூடிப்போயிருந்தது, கீழ் உதடு கிழிந்திருந்தது. மற்றப் பெண்கள் மெத்தைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு அவரவர் ஆளைத் தேடிப் போயிருந்தார்கள். கன்னியம்மா பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கையை வயிற்றின் மேல் வைத்திருந்தாள், முகம் வெளிறியிருந்தது. குளோரி நர்ஸ் அவனைப் பார்த்ததும் எழுந்து பஞ்சு எடுக்கப் போனாள்.

"ஒண்ணு வுழுந்துச்சு மாமா," என்றாள் கன்னியம்மா.

அவன் அவள் பக்கத்தில் மண்டியிட்டான்.

"நான் உதைக்கல. சத்தியமா உதைக்கலமே. கெட்டியாப் புடிச்சுகினு இருந்தேன்." சொல்லும்போதே சந்தேகம் வந்துவிட்டது. அடி விழுந்த நேரத்தில் கொஞ்சநேரம் அவனுக்கு ஞாபகமே இல்லை. "எப்ப வுழுந்துச்சு?"

"ரேடியோ நின்னுச்சே, அதுக்கு அப்பால."

அதே நேரம்தான். அப்போது கை நழுவியிருக்கும், அந்தக் கூட்டத்தில் எவன்மேலோ பட்டிருக்கும். அவன் தன் வலது காலைப் பார்த்தான், அதை வெட்டிப் போட்டிருக்கலாம் என்று நினைத்தான். அழுகை வந்தது, கிழிந்த உதட்டில் உப்பு எரிந்தது.

"எங்கமே வுழுந்துச்சு?"

அவள் அவன் கையை எடுத்தாள். விரலெல்லாம் தோல் உரிந்து, புல்லும் மண்ணும் ஒட்டியிருந்தது. அதைத் தன் வயிற்றின் மேல், இடுப்பில் இல்லை, தொப்புளுக்குப் பக்கத்தில் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"உள்ளேர்ந்து," என்றாள். "கம்முனு இரு."

அவன் மூச்சுவிடாமல் இருந்தான். ஹாலில் எங்கோ ஈ பறந்தது. வெளியே யாரோ தோற்ற ஆட்டத்தைப் பற்றிச் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். ஒன்றும் இல்லை, அவளுக்குத் தோன்றியிருக்கும், ஒன்றும் இல்லை என்று அவன் கையை எடுக்கப் போனான். அப்போது விழுந்தது. உள்ளங்கை நடுவில், சின்னதாக, சுருக்கென்று.

எத்திராஜ் சுட்டுக்கொண்டவனாகக் கையை இழுத்துக்கொண்டான்.

"எந்தக் கால்மே அது?"

"அது எனக்கு இன்னாத்துக்குத் தெரியும்," என்றாள் கன்னியம்மா. இருபது நாளுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள்.

அவன் கொஞ்சநேரம் அந்த வயிற்றைப் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெல்லக் கையை நீட்டி, அதே இடத்தில் வைத்தான்.

"இன்னொரு தபா உதைக்கச் சொல்லு," என்றான்.